செவிலியர் சங்கத் தேர்தலில் நிற்பது: ஓட்டுப் பதிவுக்கு முன்னால் நடப்பவை

2018 செப்டம்பரில் பிரிட்டனின் செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் தன் உறுப்பினர்களின் சிறப்புப் பொதுக்குழுவைப் பர்மிங்காமில் கூட்ட வேண்டியதாயிற்று. ஊதிய உயர்வு ஒப்பந்தத்தைப் பற்றி உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்று, சம்பளப் பட்டியலில் வந்தது வேறொன்று என்ற கோபம்தான் காரணம். தலைமைச் செயல் அதிகாரி அதற்கு முந்தைய மாதமே விலகிவிட்டார். கூட்டத்தில் ஆட்சிமன்றக் குழுவின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குழுவுக்கு எதிராக விழுந்தன. இத்தனைக்கும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ள அந்த அமைப்பில் அன்று வாக்களித்தவர்கள் 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நூறு வருடப் பழமையுள்ள ஒரு நிறுவனத்தின் தலைமையை அந்தக் கொஞ்சம் பேர் ஆட்டம் காண வைத்தார்கள்.

தொழில்முறைச் சங்கங்களின் தேர்தல் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான். உறுப்பினர் பட்டியல் நீளமாக இருக்கும், ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர், போட்டியிடுகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். பல பதவிகளுக்கு ஒரே ஒரு மனு வந்து, போட்டியின்றித் தேர்வு என்று அறிவிப்பு வெளியாகும். வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரிடம் "நீங்கள் நிற்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கெல்லாம் யார் ஓட்டுப் போடுவார்கள்" என்பார். என் கணிப்பு இதற்கு நேர்மாறானது. ஓட்டு வாங்குவது அவர் நினைப்பதைவிட எளிது. வாக்குச்சீட்டில் பெயர் வருவதும், ஜெயித்த பிறகு அந்தப் பதவிக்காலத்தை உருப்படியாக ஓட்டுவதும்தான் கடினம். நிற்க நினைக்கிறவர்களோ தங்கள் கவலை முழுவதையும் நடுவில் இருக்கிற பிரச்சார வாரங்களிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

எது எந்த அமைப்பின் வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செவிலியர் உலகில் மூன்று வகை அமைப்புகள் உண்டு. பதிவு செய்து உரிமம் தருகிற கவுன்சில் சட்டத்தால் உருவானது. பொதுமக்களைப் பாதுகாப்பதுதான் அதன் வேலை, செவிலியரைப் பாதுகாப்பது அல்ல. தொழிற்சங்கம் சம்பளம், பணி நேரம், பணிநீக்கம் ஆகியவற்றுக்காகப் பேரம் பேசும். தொழில்முறைச் சங்கம் பணித்தரம், தொடர்கல்வி, நெறிமுறைகள், அரசின் சுகாதாரக் கொள்கையில் செவிலியரின் குரல் ஆகியவற்றைக் கவனிக்கும். சில அமைப்புகள் பின்னிரண்டையும் சேர்த்தே செய்கின்றன. ராயல் காலேஜ் அப்படிப்பட்டது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதில் உரசலும் உண்டு. அமெரிக்காவில் அது பிளவாகவே முடிந்தது. கலிபோர்னியா செவிலியர் சங்கத்தில் 1990களின் முதல் பாதியில், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் சாதாரணப் பணிச் செவிலியர்கள் சங்கத் தேர்தல் வழியாகவே நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை பிடித்தார்கள். நர்சிங் மேலாளர்களும் பேராசிரியர்களும் கொண்ட தலைமை தங்களுக்காகப் பேசவில்லை என்பது அவர்களின் மனக்குறை. 1995இல் அந்தச் சங்கம் தேசிய அமைப்பான அமெரிக்கன் நர்சஸ் அசோசியேஷனை விட்டே வெளியேறியது. 2001இல் மாசசூசெட்ஸ் சங்கமும் வெளியேறியது. அவர்கள் செய்தது சரியா தவறா என்பதில் இன்றும் இரு கட்சி இருக்கிறது. நம் கதைக்கு வேண்டியது வேறு விஷயம்: வார்டுச் செவிலியர்கள் கூடி நின்றால் ஒரு சங்கத்தின் திசையையே மாற்ற முடிந்திருக்கிறது, அதுவும் அதே பைலாவுக்குள் (சங்கத்தின் உள்விதிகளுக்குள்), அதே ஓட்டுச்சீட்டை வைத்து.

வேட்பாளருக்கு இந்த வேறுபாடு எதற்கு என்றால், வாக்குறுதி இங்கேதான் இடறுகிறது. "உரிமம் புதுப்பிக்கும் கட்டணத்தைக் குறைப்பேன்" என்று தொழில்முறைச் சங்க வேட்பாளர் ஒருவர் எழுதினால், அது கவுன்சிலின் கையில் இருக்கிற விஷயம். "ஆள் பற்றாக்குறைக்கு முடிவு கட்டுவேன்" என்றால் அதற்கு மருத்துவமனை நிர்வாகமும் அரசும் பணம் ஒதுக்க வேண்டும். சங்கம் செய்யக்கூடியது ஒரு நோயாளி-செவிலியர் விகிதத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதற்கான ஆதாரங்களைத் திரட்டி, சட்டம் இயற்றுகிறவர்களின் மேசை வரை கொண்டுபோய் அழுத்தம் கொடுப்பது. சாதாரண உறுப்பினர் இந்த நுணுக்கத்தைக் கவனிக்காமல் விடலாம். ஆனால் ஓட்டுப் போடுகிற அந்தக் கொஞ்சம் பேர் சங்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள். அவர்கள் கவனிப்பார்கள்.

யாருக்குக் கதவு திறந்திருக்கிறது

சங்கத்தின் பைலா சலிப்பூட்டும் வாசிப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் யார் உறுப்பினர், அவர்களில் யார் நிற்கலாம், யார் ஓட்டுப் போடலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அதன் வலிமை தெரிய வேண்டுமென்றால் அமெரிக்கன் நர்சஸ் அசோசியேஷனின் பழைய வரலாற்றைப் பார்த்தால் போதும். 1896இல் தொடங்கிய அந்த அமைப்பில் பல பத்தாண்டுகளுக்கு மாநிலச் சங்கங்கள் வழியாகத்தான் சேர முடிந்தது. தெற்கு மாநிலங்களின் சங்கங்கள் பல, கறுப்பினச் செவிலியர்களைச் சேர்க்கவில்லை. தேசிய அமைப்பின் விதியில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சேரும் வழி ஒன்றே போதுமானதாக இருந்தது அவர்களை வெளியே நிறுத்த.

1908இல் மார்த்தா ஃபிராங்க்ளினின் முயற்சியில் கறுப்பினச் செவிலியர்களுக்கென்று தனித் தேசியச் சங்கம் பிறந்தது. பின்னாளில் அதை வழிநடத்திய மேபெல் ஸ்டாப்பர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் செவிலியர் படையின் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடத்திய போராட்டம் புகழ்பெற்றது. 1948இல், மாநிலச் சங்கம் மறுத்தாலும் தேசிய அமைப்பில் நேரடியாக உறுப்பினராகலாம் என்று விதி மாறியது. அதே வருடம் எஸ்டெல் மாஸி ஆஸ்போர்ன் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அமர்ந்த முதல் கறுப்பினச் செவிலியர் அவர். 1951இல் தனிச் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டு இணைந்தது. தகுதியுள்ள ஆள் அதற்கு முன்பும் இருந்தார்கள், விதிதான் இல்லை.

இந்த மாதிரி அடைப்புகள் வேறு வகையிலும் இருந்தன. ராயல் காலேஜ் 1916இல் தொடங்கி 1960 வரை ஆண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. அமெரிக்கன் நர்சஸ் அசோசியேஷனுக்கு ஓர் ஆண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2018இல்தான்: தீக்காயப் பிரிவில் பணியாற்றிய எர்னஸ்ட் கிராண்ட். அவர் நேரே உச்சிக்கு வந்துவிடவில்லை. வட கரோலினா மாநிலச் சங்கத்தின் தலைவராக இருந்தார், தேசிய அமைப்பின் துணைத் தலைவராக இருந்தார், அப்புறம்தான் தலைவர்.

பைலாவில் அடுத்துப் பார்க்க வேண்டியது, ஓட்டு யாரிடம் இருக்கிறது என்பது. சில அமைப்புகளில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நேரடி ஓட்டு உண்டு. சிலவற்றில் கிளைகளும் மாநிலச் சங்கங்களும் அனுப்பும் பிரதிநிதிகளுக்கு மட்டும். ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட உலகச் செவிலியர் பேரவையில் உறுப்பினர்களே தேசியச் சங்கங்கள்தான், 130க்கும் மேல். அங்கே தனிநபர் ஒருவர் மனு எழுதி நின்றுவிட முடியாது. தன் நாட்டுச் சங்கம் முன்மொழிய வேண்டும், மற்ற நாடுகளின் பிரதிநிதிகள் ஓட்டுப் போட வேண்டும். நேரடி ஓட்டு என்றால் பரவலாக அறிமுகம் வேண்டும். பிரதிநிதி ஓட்டு என்றால் சில டஜன் பேருடன் நீண்ட காலப் பழக்கம் வேண்டும். இது தெரியாமல் ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால், ஓட்டே இல்லாத 950 பேரிடம் ஓட்டுக் கேட்டதாகிவிடும்.

எந்தப் பதவி

எல்லாருக்கும் கண்ணில் படுவது தலைவர் பதவி. ஆனால் அதிகாரம் எப்போதும் அங்கே இருப்பதில்லை. ராயல் காலேஜையே எடுத்துக்கொள்வோம். தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் அமைப்பின் முகமாக இருந்து கௌரவம் சேர்க்கும் பொறுப்பு. ஆளும் குழுவுக்கும் கவுன்சில் என்றுதான் பெயர் (உரிமம் தரும் கவுன்சில் வேறு), அதற்குத் தனியாக ஒரு தலைவர் உண்டு. நிர்வாகம், பேச்சுவார்த்தை, ஊடகம் எல்லாம் சம்பளத்துக்கு நியமிக்கப்பட்ட பொதுச் செயலாளரிடம். 2022 டிசம்பரில் அந்த அமைப்பு பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது தொலைக்காட்சிகளில் தினமும் வந்த பாட் கல்லன் அந்தப் பொதுச் செயலாளர்தான். (அவர் 2024இல் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு வட அயர்லாந்திலிருந்து நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். சங்கப் பணி அரசியலுக்குப் பயிற்சிக்களம் ஆவது செவிலியர் உலகிலும் நடக்கத்தான் செய்கிறது.)

பொதுவாகத் தலைவருக்கு இருக்கும் உண்மையான ஆயுதம் நிகழ்ச்சி நிரல். எது விவாதத்துக்கு வரும், எது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும் என்பதில் அவருக்குப் பெரிய செல்வாக்கு. மற்றபடி நிர்வாகக் குழுவில் அவரும் ஒரு ஓட்டுதான். பொருளாளருக்கு வரவுசெலவு தெரியும். எந்தத் திட்டத்துக்குப் பணம் இருக்கிறது, எதற்கு வாயால் மட்டும் ஆதரவு இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே முழுதாகத் தெரியும். செயலாளர் எழுதும் கூட்டக் குறிப்புதான் நாளைக்கு சாட்சி.

என்னைக் கேட்டால், முதல்முறை நிற்கும் ஒரு வார்டுச் செவிலியருக்கு மிகப் பொருத்தமானது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு இடம்: வேட்பாளர்களைப் பரிசீலிக்கும் நியமனக் குழு. பல சங்கங்களில் இந்தக் குழுவின் உறுப்பினர்களையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வருடம் முழுக்க வேலை இல்லை, சில மாதங்கள் மட்டும். போட்டியும் குறைவு. ஆனால் அடுத்த வருட வாக்குச்சீட்டில் யார் பெயர்கள் இருக்கும் என்பதை முடிவு செய்வது இந்தக் குழு. வார்டிலிருந்து ஆட்கள் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர், வர வைக்கக்கூடிய இடத்தில் உட்காரலாம்.

தலைவர் பதவியே வேண்டும் என்றால் மொத்தக் காலத்தைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பல சங்கங்களில் தலைவரைப் பதவி ஏற்கும் காலத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அவர் முதலில் 'அடுத்த தலைவராக' ஒரு தவணை, பிறகு தலைவராக, பிறகு முன்னாள் தலைவர் என்ற முறையில் குழுவில் இன்னொரு தவணை. ஓட்டு ஒருமுறை, உழைப்பு மும்மடங்கு. உலகப் பேரவையில் தலைவரின் காலம் நான்கு வருடம். போகிற இடத்தின் பயணச் செலவை யார் தருவார்கள், கூட்டங்களுக்கு விடுப்பு கிடைக்குமா, மாதத்துக்கு எத்தனை மணிநேரம் போகும் என்பதை இப்போது பதவியில் இருப்பவரிடம் நேரே கேட்டுவிடலாம். பெரும்பாலானவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள், சிலர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரிக் கொட்டித் தீர்ப்பார்கள்.

மனு

தேர்தல் அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே வேட்புமனுவுக்கான அழைப்பு வந்துவிடும். அதுதான் உண்மையான வாசல். படிவம், சுயவிவரம், ஜெயித்தால் பணியாற்றச் சம்மதம் என்ற கையெழுத்து, பரிந்துரைக் கடிதங்கள், வேறு எந்த அமைப்பில் பொறுப்பு வகிக்கிறார், எந்த நிறுவனத்திடம் பணம் பெறுகிறார் என்ற வெளிப்படை அறிக்கை எல்லாம் கேட்பார்கள். ஒரு மருந்து நிறுவனத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுத்துச் சன்மானம் வாங்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். குற்றம் ஒன்றுமில்லை, மறைத்தால்தான் குற்றம்.

மனுக்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் பெரிய காரணங்களால் அல்ல. சந்தா ஒரு மாதம் பாக்கி, கிளை மாறியதைத் தெரிவிக்கவில்லை, தேவையான தொடர் உறுப்பினர் காலம் குறைகிறது, கடைசித் தேதி நைட் டூட்டிகளுக்கு நடுவில் கடந்துவிட்டது. தன் பெயரைத் தானே முன்மொழியலாம் என்று பல சங்கங்களின் விதியில் இருக்கிறது. ஆனாலும் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் ஆழமாக இருக்கிறது. தன்னை முன்னே நிறுத்திக்கொள்வது அடக்கமின்மை என்று பயிற்சிக் காலத்திலிருந்தே ஊறிப்போன எண்ணம் அது.

இதோடு நேரமும் சேர்கிறது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 2.8 கோடி செவிலியர்கள், அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பெண்கள். வீட்டு வேலை ஒரு ஷிப்ட், வார்டு ஒரு ஷிப்ட், அதற்கு மேல் சங்கம். குழுக் கூட்டங்கள் வாரநாள் பிற்பகலில் நடக்கும்போது அலுவலக நேரத்தில் வேலை பார்க்கும் கண்காணிப்பாளரும் கல்லூரி ஆசிரியரும் வர முடியும், சுழற்சிப் பணியில் இருப்பவரால் முடியாது. குழுக்களில் முகம் தெரிந்தவர்களையே நியமனக் குழுவும் தேர்ந்தெடுக்கும். வார்டுச் செவிலியர்களை யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை, கால அட்டவணையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே தேர்தலில் நிற்க நினைக்கிறவருக்கு முதல் படி, ஒரு வருடம் முன்பே ஏதாவது ஒரு சிறு குழுவில் சேர்வது. கல்விக் குழு, மாநாட்டுக் குழு, எதுவானாலும் சரி. கூட்டங்களை இணைய வழியில், ஷிப்ட் மாறும் நேரம் தவிர்த்து வைக்கலாமா என்று அங்கேயே கேட்டுப் பார்க்கலாம்.

இருநூறு சொற்கள்

மனு ஏற்கப்பட்டதும் வேட்பாளர் அறிக்கை கேட்பார்கள். பெரும்பாலும் 150 முதல் 300 சொற்கள். இது வேலைக்கான விண்ணப்பம் என்று நினைத்துக்கொண்டு எழுதுவதுதான் எங்கும் காணும் தவறு. "22 ஆண்டுகள் அனுபவம் உள்ள நான், முதுகலைப் பட்டம் பெற்று, பல விருதுகள் பெற்று, செவிலியர் சமூகத்தின் நலனுக்காக அயராது உழைப்பேன்." இதில் பொய் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கும் மற்ற மூன்று பேரும் இதையே எழுதியிருப்பார்கள் என்பதுதான் சங்கடம்.

இதைப் பாருங்கள்: "நம் தொடர்கல்வி வகுப்புகள் எல்லாம் பகலிலேயே நடக்கின்றன. நைட் டூட்டி பார்ப்பவர்களுக்காக அவற்றைப் பதிவு செய்து வெளியிடவும், பதிவைப் பார்த்தவர்களுக்கும் தொடர்கல்வி மணிநேரம் கணக்கில் வரவும், என் முதல் வருடத்துக்குள் நிர்வாகக் குழுவில் தீர்மானம் கொண்டுவருவேன். கல்விக் குழுவில் இதற்கான செலவுக் கணக்கை ஏற்கெனவே தயார் செய்திருக்கிறேன்." ஒரே ஒரு விஷயம். சங்கத்தின் கைக்கு எட்டுகிற விஷயம். காலக்கெடு இருக்கிறது, நடந்ததா இல்லையா என்று பிறகு கேட்க முடியும். 'செய்து முடிப்பேன்' என்று இல்லாமல் 'தீர்மானம் கொண்டுவருவேன்' என்று இருப்பதைக் கவனியுங்கள். குழுவில் தனக்கு ஒரு ஓட்டுதான் என்று தெரிந்தவர் எழுதியது.

அனுபவத்தையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் நிர்வாகக் குழுவின் வேலையோடு முடிச்சுப் போட்டு. ஐசியூவில் பத்து வருடம் இருந்தது வாக்காளருக்கு ஒரு செய்தி மட்டுமே. அந்த ஐசியூவில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தணிக்கை நடத்தி, எண்களைத் தொகுத்து, நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர் என்றால் அறிக்கை படிக்கவும் வாதிடவும் தெரிந்தவர் என்று பொருள். வார்டுக்கு டூட்டி லிஸ்ட் போட்ட பொறுப்புச் செவிலியருக்கு, ஆளும் பணமும் போதாத இடத்தில் எல்லாரையும் ஓரளவு சமாதானப்படுத்துவது எப்படி என்று தெரியும். சங்க நிர்வாகத்தில் பாதி அதுதான். இதையெல்லாம் தகுதியாக எண்ணாமல், வாங்கிய கேடயங்களைப் பட்டியல் போடுகிறார்கள்.

ஓட்டுக் கேட்பது

பிரச்சார விதிகள் சங்கத்துக்குச் சங்கம் மாறும். சில இடங்களில் பிரச்சாரமே கூடாது. சில இடங்களில் செலவுக்கு வரம்பு உண்டு. சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலையோ, சின்னத்தையோ, அலுவலக ஊழியரின் நேரத்தையோ வேட்பாளர் பயன்படுத்தக் கூடாது என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி.

செவிலியருக்கென்று தனியாகச் சில எச்சரிக்கைகளும் உண்டு. நோயாளி இருக்கும் படம் எதுவும், முகம் தெரியாவிட்டாலும், பிரச்சாரத்தில் வரக் கூடாது. பின்னணியில் தெரியும் படுக்கை எண்ணும் மானிட்டரும்கூட ரகசியத்தை மீறலாம். மருத்துவமனைப் பெயர் பொறித்த சீருடையில் படம் போட்டால் நிர்வாகமே ஆதரிப்பதாக அர்த்தப்படும். டூட்டி அறிவிப்புக்காக இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுக் கேட்பதும் தப்பு, தலைமைச் செவிலியர் கேட்டால் இரட்டைத் தப்பு, ஏனென்றால் கீழே வேலை பார்ப்பவர்கள் மறுக்க முடியாது.

இவை போக மிஞ்சுவது நேரில் கேட்பது, அதுதான் பலன் தரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 உறுப்பினர்கள் உள்ள கிளையில் 10 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டால் மொத்தம் 200. இருவர் போட்டியிட்டால் 101 போதும். ஒருவர் தன் வேலைவாழ்க்கையில் சேர்ந்து படித்தவர்கள், சேர்ந்து டூட்டி பார்த்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணிக்கை எட்டாத தூரத்தில் இல்லை. ஒவ்வொருவரிடமும் "எனக்குப் போடுங்கள்" என்பதற்கு முன் கேட்க வேண்டியது, "உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா" என்பது. சந்தா கட்டியாயிற்றா, சங்கத்திடம் இருக்கும் மின்னஞ்சல் முகவரி பழையதா, வாக்குப்பதிவு இணைப்பு குப்பை அஞ்சலில் போய் விழுந்ததா என்று பார்க்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது என்ன செய்யும் என்பதற்கு மீண்டும் ராயல் காலேஜ்தான் சாட்சி: 2023இல் வேலைநிறுத்தத்தைத் தொடர இங்கிலாந்தில் நடத்திய வாக்கெடுப்பில் பதிவானவற்றில் 84 சதவீதம் ஆதரவு. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம், சட்டம் கேட்டது 50. வாக்கெடுப்பு செல்லாததாகிவிட்டது.

பெயரும் புகழும் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கின் கதை இருக்கிறது. 24 வயதில் லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றின் தலைமைச் செவிலியரானவர். 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கியவர். 1899இல் உலகச் செவிலியர் பேரவை உருவாகக் காரணமாக இருந்து, அதன் முதல் தலைவரானவர். செவிலியர் பதிவைச் சட்டமாக்க, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் எதிர்ப்பையும் தாண்டி, முப்பது வருடம் போராடினார். 1919இல் சட்டம் வந்தது, பதிவேட்டில் முதல் எண் அவருக்கே கிடைத்தது. அப்புறம் அந்தப் பதிவேட்டை நடத்தும் கவுன்சிலுக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தபோது அவர் தோற்றுப்போனார். பதிவேட்டையே உண்டாக்கியவரை, அதில் பதிந்த செவிலியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் காலேஜ் ஆஃப் நர்சிங் (இன்றைய ராயல் காலேஜ்) தன் ஆதரவு பெற்ற வேட்பாளர்களோடு அமைப்பாகத் திரண்டிருந்தது. ஃபென்விக்கிடம் வரலாறு இருந்தது, அவர்களிடம் ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அதே வார்டில் மறுநாள்

தன் மேலதிகாரியே போட்டியாளராக இருக்கும் நிலை இந்தத் தேர்தல்களில் அபூர்வம் அல்ல. ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் காலை அவர் முன்னால்தான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். மனு கொடுக்கும் முன்பே அவரிடம், "மேடம், நானும் இந்த முறை நிற்கலாம் என்று இருக்கிறேன், வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்கிறேன்" என்று சொல்லிவிடுவது உத்தமம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. சங்க உறுப்பினராக அது அவரவர் உரிமை.

பதவிக்கு வந்த பிறகு முதலாளியோடு உரசல் வேறு விதத்தில் வரும். சங்கம் கட்டாய ஓவர்டைமை எதிர்த்து அறிக்கை விடும். உங்கள் மருத்துவமனையில் கட்டாய ஓவர்டைம் நடக்கும். கருத்துக் கேட்டு நிருபர் உங்களை அழைப்பார். அந்த நேரத்தில் யோசிப்பதைவிட, சங்கத்தின் சார்பில் யார் பேசலாம் என்ற விதியையும், வெளியே பேசுவது பற்றி வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் முன்பே படித்து வைத்துக்கொள்ளலாம். சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுவதும் இனிமேல் சங்கத்தின் கருத்தாகத்தான் படிக்கப்படும்.

புதிதாக வந்தவர்களைத் திகைக்க வைப்பது இன்னொன்று. குழுவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்க்கலாம், எதிர்த்து ஓட்டுப் போட்டதைக் குறிப்பில் பதியச் சொல்லலாம். ஆனால் முடிவெடுத்த பிறகு வெளியே வந்து "நான் அப்போதே வேண்டாம் என்றேன்" என்று சொல்லக் கூடாது. தன்னைத் தேர்ந்தெடுத்த வார்டுத் தோழிகளுக்காகப் போராடத்தான் வந்தோம் என்று நினைப்பவருக்கு இது கசக்கும். சட்டப்படி அவர் இப்போது அந்த வார்டுக்கு மட்டுமல்ல, தனக்கு ஓட்டுப் போடாதவர்கள் உட்பட மொத்தச் சங்கத்துக்கும் பொறுப்பாளி. முதல் கூட்டத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்களும் அந்தப் பொறுப்போடு சேர்ந்தவை: கடந்த சில வருடங்களின் தணிக்கை செய்த கணக்கு, சமீபத்திய கூட்டக் குறிப்புகள், நிலுவையில் உள்ள வழக்குகள், நிர்வாகிகளுக்கான காப்பீடு இருக்கிறதா என்ற விவரம். கணக்கு புரியவில்லை என்றால் பொருளாளரிடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. புரியாமல் கையெழுத்துப் போட்டதற்கும் பொறுப்பு உண்டு.

தோற்றவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வாக்கு எண்ணிக்கையை வெளியிடாத சங்கங்கள்கூட, வேட்பாளர் கேட்டால் அவருடைய எண்ணிக்கையைத் தருவதுண்டு. வித்தியாசம் எவ்வளவு என்பது தெரிந்தால்தான் அடுத்த முறை அதே பதவியா, வேறு பதவியா என்று முடிவு செய்ய முடியும். முடிவு வந்த சில நாட்களில், "ஒரு குழுவில் இருக்கிறீர்களா" என்று புதிய தலைவரிடமிருந்து அழைப்பு வரக்கூடும். சில நேரம் அது உண்மையான அழைப்பு, சில நேரம் ஆறுதல் பரிசு. அந்தக் குழுவுக்கு வரவுசெலவில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, அதன் அறிக்கை நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் வருமா என்று கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லலாம்.